ஆசிரியர் நிதிக்குப் பணம் வந்தது, ரசீதுதான் வரவில்லை

2023 மே 31, இரவு பதினொரு மணி. வங்கிக் கணக்கு அறிக்கையில் ‘யுபிஐ’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் பாதியில் வெட்டுப்பட்டு நின்ற பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது யாராக இருக்கும் என்று நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் தொலைபேசியில் ஊகித்துக்கொண்டிருந்தோம். அன்று நள்ளிரவுக்குள் யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்ற விவரம் அடங்கிய படிவம் 10பிடி-யை வருமான வரித் துறையின் தளத்தில் ஏற்றாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.200 கட்டணம் எங்கள் அறக்கட்டளையின் தலையில் விழும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருந்தது. அந்தப் படிவம் ஏறினால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்று கிடைக்கும். சான்று இல்லாமல் அவர் நன்கொடைக்கான 80ஜி வரிவிலக்குக் கோர இயலாது. நம்பிப் பணம் கொடுத்த இருபத்து மூன்று பேருடைய பான் எண் எங்களிடம் இல்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதன் சுயநிதிப் பிரிவில் நிர்வாகமே நியமிக்கும் ஆசிரியர்களின் சம்பளம் குறைவு. இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்திப் பழகியதும் வேறிடம் போய்விடுவார்கள். ஒரே கல்வியாண்டில் கணக்குப் பாடத்துக்கு மூன்று பேர் மாறியதாகத் தலைமையாசிரியர் சொன்ன பிறகுதான், பயிற்சிக்கும் ஆசிரியர்களைத் தக்கவைப்பதற்கும் ஒரு நிதி திரட்டலாம் என்று முன்னாள் மாணவர்கள் முடிவுசெய்தோம். 2021 ஆகஸ்டில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவானது. படிவம் 10ஏ வழியாக 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிவிலக்கு) ஆகியவற்றின் தற்காலிகப் பதிவும் சிரமமில்லாமல் கிடைத்தது.

நிதி கேட்கப் போனபோது முதலில் எதிர்ப்பட்ட கேள்வி, ‘கட்டடம் எதுவும் இல்லையா?’ என்பதாகும். வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்த் தொட்டி என்றால் உடனே காசோலை எழுதத் தயாராக இருந்தவர்கள், ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவு என்றதும் யோசித்தார்கள். பயிற்சியின்மீது பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பதே உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்று சொல்வதை எடுத்துக்காட்டியும் பலருக்கு மனம் இளகவில்லை. இறுதியில் பயன்பட்டது ஒரு சிறிய கணக்கு மட்டுமே: ஓர் ஆசிரியர் ஐந்து நாள் பயிற்சிக்குச் சென்றால் பயிற்சிக் கட்டணம், போக்குவரத்து, தங்குமிடம், அந்த ஐந்து நாளும் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆசிரியரின் ஊதியம் ஆகியவை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினோம். மாற்று ஆசிரியருக்கும் செலவு உண்டு என்பதை அதுவரை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தத் தாள் போன பிறகு பணம் வரத் தொடங்கியது.

வந்த வேகத்தில் நாங்கள் செய்த தவறு இது: அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு இணையவழிப் பரிமாற்ற வசதி வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், அந்த ஒரு வாரம் மட்டும் நண்பர் ஒருவரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வாங்கிக்கொண்டோம். பிறகு அவர் மொத்தத்தையும் அறக்கட்டளைக்கு மாற்றினார். ஆவணப்படி அறக்கட்டளைக்குக் கொடுத்தவர் அவர் ஒருவரே ஆகிவிட்டார். அவரிடம் அனுப்பியவர்களின் பெயரில் சான்று தர முடியாது என்று தணிக்கையாளர் கையை விரித்துவிட்டார். தொகையை ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்பி, அறக்கட்டளைக் கணக்குக்கு மறுபடி அனுப்பச் சொன்னோம். மறுபடி அனுப்பியவர்கள் பெரும்பாலோர், எல்லோரும் இல்லை. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

அடுத்தது பத்திரம். முறையான பதிவுக்குப் படிவம் 10ஏபி தாக்கல் செய்யும் முன்பாகத் தணிக்கையாளர் பத்திரத்தை முழுமையாகப் படித்தார். நோக்கங்கள் பகுதியில் ‘ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி அளித்தல்’ என்ற வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ‘இதில் ஆசிரியர் எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டார். இல்லை. வேறோர் அறக்கட்டளையின் பத்திரத்தைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. நல்லவேளையாக, நோக்கங்களைத் திருத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்ற விதி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அப்படி ஒரு விதி இல்லாத பத்திரத்துக்கு நீதிமன்றம் வரை போக நேரும் என்றார். அறக்கட்டளை தொடங்க நினைப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் மூன்று இடங்களைப் படித்துவிட வேண்டும்: நோக்கங்கள், திருத்தும் அதிகாரம், கலைக்கப்பட்டால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவு.

திருத்தப் பத்திரத்தைப் பதிவுசெய்ய மூன்று முறை சார்பதிவாளர் அலுவலகம் போனோம். முதல் முறை டோக்கன் நேரம் காலை பதினொன்றரை. நிறுவனர்கள் மூவரும் விடுப்பு எடுத்து வந்திருந்தோம். மூலப் பத்திரத்தின் நகலைப் பார்த்த எழுத்தர், ‘ஒரிஜினல் எங்கே சார்?’ என்று கேட்டார். அது தணிக்கையாளர் அலுவலக அலமாரியில் இருந்தது. இரண்டாவது முறை ஒரிஜினலோடு போனோம். ஒருவருடைய ஆதாரில் தந்தை பெயர் முதலெழுத்தாகவும் பத்திரத்தில் முழுப் பெயராகவும் இருந்தது. இருவரும் ஒருவரே என்பதற்கு அரசிதழ் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த எழுத்தர் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார். பெயரை மாற்றிக்கொள்ளாதவர் அரசிதழுக்கு எங்கே போவார்? மூன்றாவது முறை, விரிவான பெயர் உள்ள பான் அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேரே சார்பதிவாளரிடமே காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். இன்றும் எனக்கு ஆறாத வருத்தம், இரண்டாவது முறையே உள்ளே போய்க் கேட்காமல் திரும்பி வந்ததுதான்.

2022 நவம்பரில் 10ஏபி தாக்கலானது. ஜனவரி முழுவதும் தகவல் ஏதும் இல்லை. பிப்ரவரியில் தற்செயலாக வருமான வரித் தளத்தில் நுழைந்து மின்னணு நடவடிக்கைகள் பகுதியைத் திறந்தபோது, விளக்கம் கேட்டு ஓர் அறிவிப்பும், அதற்குப் பதில் இல்லை என்று ஒரு நினைவூட்டலும் கிடந்தன; கெடு முடிய ஒரே நாள் இருந்தது. பதிவின்போது கொடுக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரி தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்த ஒரு பையனுடையது. அவர் பயிற்சி முடிந்து போய் ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அறிவிப்புகள் எல்லாம் ஒழுங்காக அவருக்குத்தான் போயிருக்கின்றன. அன்று இரவே செயல்பாட்டு விவரம், கணக்குகள், பயிற்சிக்குச் சென்ற ஆசிரியர்களின் பட்டியல், திருத்தப் பத்திரம் அனைத்தையும் ஏற்றினோம். ஏப்ரலில் முறையான பதிவுக்கான ஆணை வந்தது. அறக்கட்டளையின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அறங்காவலர்களுடையதாகவே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை தளத்தைத் திறந்து பார்ப்பதை ஒருவர் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

ஆசிரியர் பட்டியலை ஏற்றும்போதுதான் இன்னொரு கண்ணிவெடி தென்பட்டது. பயிற்சிக்கு முதலில் விண்ணப்பித்த கணித ஆசிரியை எங்கள் அறங்காவலர் ஒருவரின் உடன்பிறந்த தங்கை. அறங்காவலரின் நெருங்கிய உறவினருக்கு அறக்கட்டளையின் பணத்தால் பயன் போனால் வரிவிலக்கே ஆட்டம் காணும். அவரோ அந்தப் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியை. அண்ணன் பொறுப்பில் இருக்கிறார் என்பதற்காக அவரை ஒதுக்குவது எந்த வகையில் நியாயம் என்று கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. அந்த முறை அவருடைய கட்டணத்தை அண்ணனே தன் கையிலிருந்து கொடுத்தார்; பிறகு அறங்காவலர் பொறுப்பிலிருந்தும் விலகினார். அவர் நிறுவனர்களில் ஒருவராக இருந்திருந்தால் விலகியும் பயன் இருந்திருக்காது, ஏனெனில் நிறுவனரின் உறவினருக்கும் அதே தடை உண்டு.

இனி அந்த மே 31 இரவுக்கு வருகிறேன். பான் இல்லாத இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் மனைவி அல்லது கணவர் கணக்கிலிருந்து அனுப்பியவர்கள். சான்று தங்கள் பெயரில் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பணம் யாருடைய கணக்கிலிருந்து வந்ததோ அவர் பெயரில்தான் தருவோம் என்று நின்றோம். நான்கு பேர் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள், நால்வரும் ரூ.2,000-க்கு மேல். ரொக்கத்தில் அந்த வரம்பைத் தாண்டினால் 80ஜி விலக்கு இல்லை என்பதை வாங்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மூவர் பான் தர விரும்பாமல் ஆதார் எண்ணைக் கொடுத்தார்கள், படிவம் அதை ஏற்றுக்கொண்டது. பதினொன்று ஐம்பதுக்கு, கைக்கு வந்த வரிசைகளோடு படிவத்தை ஏற்றினோம்; விடுபட்டவர்களைப் பின்னர் திருத்த அறிக்கையில் சேர்த்தோம். ஒருவருடைய பான் எண்ணில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்து விழுந்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதைப் பிறகு தெரிந்துகொண்ட இருவர் ஏமாற்றப்பட்டதுபோல் என்னிடம் பேசினார்கள்.

தக்கவைப்புத் தொகையை வடிவமைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பயிற்சி பெற்றவர் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய நன்கொடையாளர் ஒருவர் வற்புறுத்தினார். கட்டிப் போட்டு வைத்தவர் மனமுவந்து பாடம் நடத்துவாரா என்று கேட்டு மறுத்துவிட்டோம். கல்வியாண்டை முழுமையாக முடிப்பவருக்கு ஆண்டு இறுதியில் ஒரு தொகை, அது ஆண்டுதோறும் கூடும் என்று வைத்தோம். அதை நாங்கள் நேரடியாகக் கொடுப்பதில்லை. பள்ளியின் சம்பளக் கணக்கு வழியாகவே போகிறது, வரிப் பிடித்தமும் அங்கேயே நடந்துவிடுகிறது. உதவி பெறும் பிரிவின் ஆசிரியர்களுக்கு இந்தத் தொகை இல்லை என்றதும் ஆசிரியர் அறையில் முகங்கள் மாறியதைத் தலைமையாசிரியர் சொன்னார். பயிற்சி இரு பிரிவினருக்கும் பொது என்று அறிவித்த பிறகு ஓரளவு சரியானது.

இந்தத் தொகை ஆண்டுதோறும் தடையின்றி வர வேண்டுமானால் வட்டியிலிருந்து கொடுக்கும் மூலநிதி வேண்டும். மூலநிதிக்கு என்று நன்கொடையாளர் எழுத்து மூலம் குறிப்பிட்டுத் தர வேண்டும், வாய்ச்சொல் போதாது. அந்தக் கடிதங்களை நாங்கள் பின்னால் ஓடி ஓடி வாங்கினோம். கடிதம் கிடைக்காத தொகை சாதாரண வருமானமாகிவிட்டது. அதில் 85 விழுக்காட்டை அந்த நிதியாண்டுக்குள்ளேயே செலவிட வேண்டும். பணத்தில் பெரும்பகுதி வந்ததோ பிப்ரவரி, மார்ச் மாதங்களில். கடைசியில் படிவம் 10 தாக்கல் செய்து, நோக்கத்தைக் குறிப்பிட்டு ஐந்து ஆண்டுகள் வரை ஒதுக்கிவைக்கும் வழியில் தப்பித்தோம். நிதி திரட்டலை ஏப்ரலில் தொடங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தோழர்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவர், அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு ஆதாரம்தான்; எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எங்கள் வகுப்பிலேயே முதல் மாணவராக இருந்தவரிடம் இதைச் சொல்லி மறுக்க வேண்டியிருந்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் முயன்றோம். அதற்கு அந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவோடு மூன்று ஆண்டுச் செயல்பாட்டு வரலாறும் கேட்கிறார்கள் என்பதால் அப்போது கதவு திறக்கவில்லை.

நான் சொன்ன படிவ எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் காலத்தவை; 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறை என்பதால், தாக்கல் செய்யும் முன் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர், முகவரி, பான் மூன்றையும் நிரப்பினால்தான் பணம் அனுப்பும் கியூஆர் குறியீடே கண்ணில் படும்படி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு 10பிடி மே 12 அன்றே ஏறிவிட்டது. பழைய இருபத்து மூன்று பேரில் ஒருவர் மட்டும் இன்றுவரை எந்த எண்ணும் தரவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் காசோலை அனுப்புகிறார். பெயரும் முகவரியும் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ரசீது வேண்டாம், அந்தக் கணக்கு டீச்சர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். இருக்கிறார்.