கரண்ட் போனாலும் ஃபேன் சுற்ற வேண்டும்: வெள்ளவத்தை மொட்டைமாடி சோலார் கணக்கு

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். எங்கள் தொடர்மாடியில் ஆளுக்கொரு ரீசார்ஜபிள் ஃபேன் வாங்கியது அப்போதுதான். பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லி முழு நாடும் இருண்டபோது அந்த ஃபேன்களை வெளியே எடுத்தார்கள். பல சுற்றவே இல்லை.

என் இலக்கு சின்னது. ஒரு ஃபேன், ரவுட்டர், இரண்டு பல்ப், வீட்டுப் போன்கள். இவ்வளவும் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோலாரில் ஓட வேண்டும். ரைஸ் குக்கரும் கேத்திலும் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவற்றை இழுக்கப் போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

முதலில் தேவையை எழுதிப் பார்த்தேன். 12 வோல்ட் ஃபேன் 20 வாட், இரவு ஒன்பது மணித்தியாலம்: 180 வாட்-அவர். பல்ப் இரண்டும் 90. போன்கள் 45. ரவுட்டர் வெறும் 10 வாட்தானே என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் அது 24 மணித்தியாலமும் விழித்திருப்பதால் 240. வீட்டிலேயே பெரிய சாப்பாட்டுராமன் அதுதான். மொத்தம் 555. இதற்கு 100 வாட் பேனல் இரண்டும், 12.8 வோல்ட் 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட் பட்டரி ஒன்றும் போதும். பட்டரியில் 1280 வாட்-அவர் நிற்கும். வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு இரவு தாங்கும்.

பேனலை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. வீடியோக்களில் எல்லோரும் ‘தெற்குப் பார்த்து வையுங்கள்’ என்கிறார்கள். டெல்லிக்கு அது சரி. கொழும்பு இருப்பது வடக்கே ஏறக்குறைய 7 பாகையில். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு வருகிறது. அதற்குப் பிறகு செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகலில் அது நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கும். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. சுவரில் துளை போடுவதற்கு முன் ஒரு பேனலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அளந்தேன். ஜூன் மாதம், நல்ல வெயில், ரோட்டில் நிற்க முடியாத சூடு. மீற்றரில் வந்தது 12 வாட். வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் அதில் விழுந்தது, வெயிலின் ஒரு கீற்றுக்கூட இல்லை. தெற்குப் பால்கனிக்காரர்கள் பேனல் வாங்க முன் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகக் கமிட்டியிடம் கேட்டு மொட்டைமாடியில் ஒரு மூலை வாங்கினேன். இங்கே பேனல் எந்தத் திசையைப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 10 பாகை சரிவு கொடுத்தால் போதும். அந்தச் சரிவும் மழைத்தண்ணீர் வழிந்து காக்காய் எச்சத்தைக் கழுவிக்கொண்டு போவதற்காக. கடல் இரண்டு தெரு தள்ளி என்பதால் சட்டத்துக்கு அலுமினியமும் 316 ஸ்டெயின்லெஸ் நட்டும். சாதாரண நட்டு உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

மொட்டைமாடியில் இருந்து வீட்டுக்குள் வயர் 15 மீற்றர். பேனல் இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் 18 வோல்ட், 11 ஆம்ப். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 18 வாட் அளவில் சூடாகிப் போய்விடும். தொடராக இணைத்தால் 36 வோல்ட், 5.5 ஆம்ப். மின்னோட்டம் பாதியானால் இழப்பு கால்வாசி, அதாவது 5 வாட்டுக்கும் குறைவு. இதற்கு, பேனலின் கூடிய வோல்ட்டைப் பட்டரிக்கேற்றபடி மாற்றிச் சார்ஜ் ஏற்றும் எம்பிபிடி (MPPT) கண்ட்ரோலர்தான் வேண்டும். மலிவான பிடபிள்யூஎம் (PWM) கண்ட்ரோலர் மிச்ச வோல்ட்டைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும்.

பட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் வைக்கவில்லை. சின்ன இன்வேர்ட்டர்கூட ஒன்றும் ஓடாமலே 8, 10 வாட் தின்னும்; இன்னொரு ரவுட்டரை வளர்ப்பது போலத்தான். எல்லாமே 12 வோல்ட்டில் நேரடியாக ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது பட்டரி 14 வோல்ட்டைத் தாண்டுவதால் ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட்டில் நிறுத்தும் கன்வேர்ட்டர் ஒன்று, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியது. பட்டரியின் பொசிட்டிவ் முனையை ஒட்டி 30 ஆம்ப் பியூஸ். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

ஃபேன் புதிதாக வாங்கவில்லை. 2022இல் வாங்கியதன் அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் ஈய அமில பட்டரி. பக்கங்கள் வீங்கி, முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பட்டரியை எடுத்துவிட்டு, அந்தச் சிவப்பு, கறுப்பு வயர்களையே வீட்டு 12 வோல்ட் லைனில் கொடுத்தேன். மோட்டர் புதுசு மாதிரி.

பட்டரி எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வகை லித்தியம் பெரும்பாலான நேரம் 13.2க்கு அக்கம்பக்கமாகவே நிற்கும்; கடைசியில் சட்டென்று விழும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் மீற்றர் ஒன்று கட்டாயம்.

கரண்ட் போன ஓர் இரவு கீழ்வீட்டு அன்ரி மேலே வந்தார்.

“தம்பி, மகன் வீட்டில அஞ்சு கிலோவாட் போட்டிருக்கு. கரண்ட் போனா அங்கயும் இருட்டுத்தான். உங்கட இது மட்டும் எப்பிடி எரியுது?”

கூரையில் போட்டு பொது மின் லைனுக்கு விற்கும் சோலார், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். விளக்கினேன். “அப்ப ஏன் அதுக்கு இவ்வளவு காசு?” என்றார். பில் குறைய. என்னுடையது பில்லுக்கு உதவாது. மாதம் 17 யூனிட் வந்தால் அதிகம். மின்வெட்டில் தூங்குவதற்காகச் செய்தால் மட்டும் இது லாபம்.

உச்சி வெயிலில் 200 வாட்டுக்கு 150தான் வருகிறது. பேனலின் வாட் கணக்கு 25 பாகைச் சூட்டுக்கு. மொட்டைமாடியில் அது 60ஐத் தாண்டும். மழை விட்டு மேகம் விலகும் கணத்தில் மட்டும், பேனல் குளிர்ந்திருப்பதால், 190ஐத் தொட்டுவிட்டு இறங்குகிறது. பின்னேரம் தண்ணீர்த் தாங்கியின் நிழல் ஒரு பேனலின் கீழ் வரிசையில் ஏறினால் சரிபாதி போகிறது. அதனால் இரண்டு அடி தள்ளி வைத்தேன்.

தென்மேற்குப் பருவமழையில் தொடர்ந்து இருட்டாக இருந்தால் 150 வாட்-அவர்கூட வருவதில்லை. அப்போது பட்டரி 40 வீதத்துக்குக் கீழே போனதும் 10 ஆம்ப் சார்ஜரை நானே கரண்டில் போடுகிறேன். அதைத் தானாகச் செய்ய ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வாங்கியிருக்கிறேன். கண்ட்ரோலரில் கருவிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் லோட் முனையில் இருந்தே அதை இயக்க முடியுமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.