இரண்டாவது பெட்டி

"உன்ர காட் இருக்குத்தானே, இன்னொரு பெட்டி போடலாம்."

ஒவ்வொரு முறையும் நான் ஒஸ்லோ திரும்பும் நாளில் அம்மா இதைச் சொல்வார். அப்பா போனபிறகு அம்மா சென்னையில் தங்கச்சியுடன் இருக்கிறார். வளசரவாக்கத்து வீட்டின் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார். வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, மூன்று பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக. ஓலைக் குட்டானோடு பனங்கட்டி. மோர்மிளகாய், வடகம், ஒடியல்மா. மகளுக்குத் தைத்த பாவாடை சட்டை எல்லாவற்றுக்கும் மேலே, மிளகாய் மணம் பிடிக்காமல் தனிப் பையில். நான் தொங்கு தராசைப் பெட்டியின் கைபிடியில் மாட்டித் தூக்கிப் பிடிப்பேன். அம்மா குனிந்து இலக்கத்தை வாசிப்பார். 23 வந்ததும் அந்தப் பெட்டி முடிந்தது, அடுத்த பெட்டி.

அம்மாவுக்கு விமானக் கூட்டணி, புள்ளி, தகுதிநிலை எதுவும் தேவையில்லை. எஸ்.ஏ.எஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கொடுக்கும் யூரோபோனஸ் கோல்ட் அட்டை என்னிடம் இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை அது என்றால் கூடுதலாக 23 கிலோ. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதன் பெறுமதி அதுதான்.

இந்த அட்டை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. வட நோர்வேயின் பின்மார்க் பகுதி நம் ஆட்களுக்குப் புதிதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எத்தனையோ பேர் அங்கே மீன் வெட்டித்தான் இந்த நாட்டில் கால் ஊன்றினார்கள். நான் ஒஸ்லோவிலிருந்து துரொம்சோ, அல்தா, கிர்கெனெஸ் என்று எஸ்.ஏ.எஸ் விமானத்தில் போய்வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நோர்வேயின் உள்நாட்டுப் பறப்புகளுக்குப் புள்ளி கொடுக்கவே தடை இருந்தது. பெரிய நிறுவனம் புள்ளியைக் காட்டிப் பயணிகளைக் கட்டிப்போட்டால் சின்ன நிறுவனங்கள் போட்டிபோட முடியாது என்பது அரசின் வாதம். 2013 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அப்புறம் என் கணக்கு விறுவிறுவென்று ஏறியது. கோல்ட் நிலைக்கு அப்போது ஒரு வருடத்தில் 45,000 புள்ளி வேண்டியிருந்தது, அல்லது 45 பறப்பு. 23 வாரம் வடக்கே போய்வந்தால் 46 பறப்பு. என் வேலைக்கு அது சாதாரணம்.

ஆனால் கிர்கெனெஸ் போகும் விமானத்தில் அந்த அட்டையால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு மணி நேரப் பயணம், கையில் ஒரு கருவிப் பை. அட்டையின் உண்மையான பலன் எஸ்.ஏ.எஸ்ஸின் கூட்டாளிகளிடம் இருந்தது. 1997 மே 14ஆம் திகதி ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கூட்டணியைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களில் எஸ்.ஏ.எஸ்ஸும் ஒன்று. மற்ற நான்கும் லுஃப்தான்சா, யுனைட்டெட், எயார் கனடா, தாய் எயார்வேஸ். எஸ்.ஏ.எஸ் சென்னைக்குப் பறப்பதில்லை. லுஃப்தான்சா பிராங்போட்டிலிருந்து நேரே பறக்கிறது. அந்த நாட்களில் என் யூரோபோனஸ் கோல்ட், கூட்டணிக்குள் ஸ்டார் கோல்ட் ஆகிவிடும். அதைக் காட்டினால் பிராங்போட்டில் செனட்டர் லவுஞ்ச், வரிசையில் முன்னுரிமை, அதோடு கூடுதல் பொதி. பெட்டிக் கணக்கு உள்ள பாதையில் ஒரு பெட்டி, எடைக் கணக்கு உள்ள பாதையில் 20 கிலோ. வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனியில் சேர்த்த புள்ளி சென்னையில் மிளகாய்த்தூளாக மாறியது இப்படித்தான்.

2023 ஒக்டோபர் 3ஆம் திகதி அந்தச் செய்தி வந்தபோது நான் அல்தாவில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் வாசித்தேன். எஸ்.ஏ.எஸ் 2022 ஜூலையிலிருந்து அமெரிக்க நீதிமன்றத்தின் திவால் பாதுகாப்பில் இருந்தது. அதை மீட்கப் பணம் போட முன்வந்தவர்களில் எயார் பிரான்ஸ்–கேஎல்எம் குழுமமும் ஒன்று. அந்தக் குழுமம் ஸ்கைடீம் கூட்டணியைச் சேர்ந்தது. ஆகவே எஸ்.ஏ.எஸ் ஸ்டாரை விட்டு ஸ்கைடீமுக்குப் போகும். தான் சேர்ந்து தொடங்கிய கூட்டணியை 27 வருடத்துக்குப் பிறகு விட்டுவிட்டுப் போகிறது. இதற்காக எஸ்.ஏ.எஸ்ஸை நான் குறை சொல்லமாட்டேன். பணம் வராமல் நிறுவனமே இல்லாமல் போயிருந்தால் அட்டை இருந்தும் என்ன பயன்? எத்தனையோ பேரின் வேலையும் அதில் இருக்கிறது.

ஆனாலும் அன்று மனம் கனத்தது. பத்து வருடமாக நான் விசுவாசமாக இருந்தது எஸ்.ஏ.எஸ்ஸுக்கு என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் புள்ளி சேர்த்தது பிராங்போட்–சென்னை விமானத்துக்காக. அந்த விமானம் யாருடைய கூட்டாளி என்பதை முடிவுசெய்யும் இடத்தில் நான் இல்லை. கணக்கில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. 1,40,000 என்றிருந்தது 1,40,000 ஆகவே இருந்தது. அதைக்கொண்டு போகக்கூடிய ஊர்கள்தான் மாறப்போகின்றன.

பலருக்கு இந்த இடம் விளங்குவதில்லை. புள்ளி என்பது வங்கியில் கிடக்கும் காசு மாதிரி என்று நினைக்கிறார்கள். நான் யூரோபோனஸ் புள்ளியில் லுஃப்தான்சா டிக்கெட் எடுத்தால், அந்த இருக்கைக்கு எஸ்.ஏ.எஸ் லுஃப்தான்சாவுக்குப் பேசிவைத்த ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும். அதனால்தான் கூட்டாளி நிறுவனங்களின் உறுப்பினர்களுக்குக் கொஞ்ச இருக்கைகளையே திறந்துவிடுகிறார்கள், சொந்த உறுப்பினர்களுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்பந்தம் முடிந்தால் புள்ளி இருக்கும், போகும் வழி இருக்காது.

விலகும் திகதி 2024 ஓகஸ்ட் 31. அதற்கு முன் எடுத்த டிக்கெட் பிறகும் செல்லும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் இரவு இரவாகத் திகதி தேடினேன். கடைசியில் ஓகஸ்ட் நடுவில் டிசம்பருக்கு ஒரு இருக்கை கிடைத்தது, ஒஸ்லோ–பிராங்போட்–சென்னை, போக வர. மனைவியும் மகளும் வர முடியவில்லை, ஒரே ஓர் இருக்கைதான் காட்டியது.

இதற்கிடையில் ஒரு விஷயம். எஸ்.ஏ.எஸ் ஸ்கைடீமில் சேர்ந்த அதே 2024 செப்டெம்பர் 1ஆம் திகதிதான் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு இண்டிகோ தன் தினசரிச் சேவையைத் தொடங்கியது. ஏற்கெனவே அலையன்ஸ் எயார் அந்த வழியில் பறந்துகொண்டிருந்தது. எனக்குச் சென்னை வரையான பாதை கைநழுவிய நாளில், சென்னையிலிருந்து என் ஊருக்கான பாதை அகலமானது. இரண்டையும் ஒரே நாளில் வாசித்தபோது என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

டிசம்பரில் போனேன். டிக்கெட் செல்லுபடியானது, ஆனால் அட்டை வெறும் அட்டை. செக்-இன் பெண் என் யூரோபோனஸ் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, இது இப்போது எங்கள் கூட்டணியில் இல்லை என்று தன்மையாகச் சொன்னார். அது சரியான பதில்தான். பிராங்போட்டில் லவுஞ்ச் வாசலைக் கடந்து நேரே கேட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அதெல்லாம் ஒரு குறையே இல்லை. கஷ்டமாக இருந்தது திரும்பும் இரவுதான். சென்னையிலிருந்து அந்த விமானம் நள்ளிரவுக்குப் பின் புறப்படும். அம்மா வழக்கம்போலப் பாய் விரித்து, இரண்டு பெட்டிக்குமான சாமானை வைத்திருந்தார். இந்த முறை ஒரு பெட்டிதான் என்று நான் முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு.

"ஏன், காட் முடிஞ்சுதோ?"

"முடியேல்லையம்மா. அவங்கள் வேற கூட்டத்தோட சேந்திட்டாங்கள்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பனங்கட்டிக் குட்டானை எடுத்துத் தங்கச்சியின் பக்கம் வைத்தார். ஒடியல்மாவை எடுத்தார், யோசித்தார், திரும்ப என் பெட்டிக்குள் வைத்தார். மோர்மிளகாயில் பாதியை வேறு பையில் கொட்டினார். கூடுதல் பெட்டிக்குக் காசு கட்டலாம்தான், நான் சொன்னேன். "பனங்கட்டிக்கு அவ்வளவு காசு குடுக்கிறதோ" என்று விட்டுவிட்டார்.

அந்தப் பயணத்தில் ஊரில் ஒரு கலியாணம். எங்கள் குடும்பம் மூன்று கண்டத்தில் சிதறிக் கிடப்பதால் மூன்று கூட்டணியிலும் ஆள் இருக்கிறது. டொரண்டோ மச்சான் எயார் கனடாவின் ஏரோபிளான் புள்ளித் திட்டத்தில், ஸ்டாரில் அசையாமல் இருக்கிறார். லண்டன் அக்கா பிரிட்டிஷ் எயார்வேஸில் புள்ளி சேர்ப்பவர். 2014 மே 1ஆம் திகதி ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ் இருக்கும் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்ததால், அவர் ஒன்றுமே செய்யாமல் லண்டன்–கொழும்பு நேரடி விமானத்தில் அவருடைய அட்டைக்கு மதிப்பு வந்தது. அவருக்கு அன்று கதவு திறந்தது, எனக்குப் பத்து வருடம் கழித்து மூடியது. பந்தியில் உட்கார்ந்து இதைப் பற்றியே அரை மணி நேரம் கதைத்தோம்.

ஸ்கைடீமுக்கு வந்ததைக் கொண்டாட எஸ்.ஏ.எஸ் ஒரு சவால் வைத்தது. 2024 முடிவதற்குள் ஸ்கைடீமின் 15 நிறுவனங்களில் பறந்தால் பத்து லட்சம் புள்ளி. பலர் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். எனக்கு அவ்வளவு விடுமுறை இல்லை, மனமும் போகவில்லை.

இப்போது நிலைமை இதுதான். என் கோல்ட், ஸ்கைடீமில் எலீட் பிளஸ். அதற்கும் கூடுதல் பொதி உண்டு, சர்வதேசப் பயணத்தில் லவுஞ்ச் உண்டு. கேஎல்எம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெங்களூர், மும்பாய், டெல்லி போகிறது. சென்னைக்கு இல்லை. பெங்களூரிலிருந்து இண்டிகோவில் இணைத்து ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம், ஆனால் இண்டிகோ ஸ்கைடீம் உறுப்பினர் இல்லை, ஆகவே கூட்டணியின் சலுகை அந்தக் கடைசித் துண்டில் செல்லும் என்று நம்பி இருக்க முடியாது. யாராவது என்னிடம் எந்த அட்டை நல்லது என்று கேட்டால், நான் முதலில் கேட்பது அவர்களுடைய கடைசி விமானத்தை இயக்குவது யார் என்றுதான். டிக்கெட்டில் அச்சிட்ட இலக்கம் ஒருவருடையதாக இருக்கும், பறப்பது வேறொருவராக இருக்கும். புள்ளியும் பொதியும் அதைப் பொறுத்து மாறும். மலிவான கட்டண வகுப்பில் எடுத்த ஒரு கூட்டாளி விமானத்துக்கு எனக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. அதை எழுதிக் கேட்ட பிறகுதான் கட்டண வகுப்பின் எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகினேன். இன்னொன்று, புள்ளியை வருடக்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்கு என்று நான் சேர்த்து வைத்தது, அந்த நாள் வருவதற்குள் வேறு பொருளாகிவிட்டது.

வரும் தைப்பொங்கலுக்கு மூன்று பேருக்கும் கேஎல்எம்மில் பெங்களூர் வரை டிக்கெட் எடுத்திருக்கிறேன். அங்கிருந்து சென்னைக்கு ரயில். ரயிலில் யாரும் தராசு பிடிக்கப்போவதில்லை. நேற்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், இரண்டாவது பெட்டி திரும்பவும் இருக்கிறது என்று.

"அப்ப பனங்கட்டி சொல்லி வைக்கட்டோ?"

"சொல்லி வையுங்கோ அம்மா."