கண் மேக்கப் ரிமூவர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க மஸ்காராவை ஒரு தடவ பாத்துடுங்க

கண்ணு மேக்கப்பை கலைக்க எந்த ரிமூவர் நல்லதுன்னு யாராவது கேட்டா நான் உடனே ஒரு பேரைச் சொல்லிட மாட்டேன், நீங்க எந்த மாதிரி மஸ்காரா போடறீங்கன்னுதான் முதல்ல கேப்பேன். ரிமூவர் நமக்கு ஒத்துக்குமாங்கறது பாதி அந்த பாட்டில்ல இருக்கு, மீதிப் பாதி அது எதைக் கலைக்கப் போகுதுங்கறதுல இருக்கு. பொருத்தமில்லாத ரிமூவர் எவ்ளோ மென்மையா இருந்தாலும் கலைக்காது, கலைக்கலன்னா நாம தேய்ப்போம், அந்தத் தேய்ப்புதான் கண்ணுக்கு நாம பண்ற பெரிய கெடுதல். விலை கூடுதலா இருந்தாதான் கண்ணுக்குப் பாதுகாப்புன்னு நம்பி காசைக் கொட்டறவங்களை நெறைய பாக்கறேன், அதான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதணும்னு தோணிச்சு.

இமைத் தோல்தான் நம்ம உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல், சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுக்கு அடியில கொழுப்பும் கிட்டத்தட்ட கிடையாது. கன்னத்துல நாலு தடவ அழுத்தித் தேய்ச்சா ஒண்ணும் தெரியாது, இமையில தினமும் அப்படித் தேய்ச்சா சிவக்கும், எரியும், செதில் செதிலா உரியும், சிலருக்கு அந்த இடமே கருத்துப் போயிடும். இமை முடியும் அப்படித்தான், இழுபட்டு உதிர்ந்த முடி பழைய நீளத்துக்கு வர மாசக்கணக்குல கூட ஆகலாம். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியறதில்ல, இமை ஓரத்துல முடிக்கு உள்பக்கமா வரிசையா குட்டிக் குட்டி எண்ணெய்ச் சுரப்பிங்க இருக்கு, மெய்போமியன் சுரப்பின்னு பேரு, மேல் இமையில மட்டும் 25லேருந்து 40 வரைக்கும் இருக்கும். கண்ணீர் சட்டுன்னு ஆவியாகாம இருக்கறதுக்கு மேல ஒரு எண்ணெய்ப் படலம் போட்டு வைக்கறது இதுங்கதான். மேக்கப் மிச்சமோ ரிமூவர் மிச்சமோ அந்தச் சுரப்பிங்களோட வாயிலேயே தங்கிட்டு இருந்தா கண்ணு வறண்டு உறுத்தும், சில சமயம் இமையில கட்டி கூட வரும். அதனால ரிமூவர் தேய்க்க விடாம கலைக்கணும், கலைச்சதுக்கப்புறம் தானும் அங்க தங்காம போயிடணும். இந்த ரெண்டையும் பண்ணுதான்னு பாத்தா போதும், மத்ததெல்லாம் பாட்டில் அழகு.

இப்ப வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவை எடுத்துக்கங்க. அதுல மெழுகு இருக்கும், படலமா படியற ரெசின், அதாவது பிசின் மாதிரி ஒண்ணு இருக்கும், இதையெல்லாம் கரைச்சு வைக்க ஐசோடோடெக்கேன் மாதிரி சீக்கிரம் ஆவியாகற ஒரு திரவம் இருக்கும். முடியில தடவினதும் அந்தத் திரவம் பறந்துடும், மெழுகும் ரெசினும் முடியைச் சுத்தி இறுகிடும், அதுக்குள்ள தண்ணி நுழையவே முடியாது. அழுதாலும் மழையில நனைஞ்சாலும் கலையாம நிக்கறது இதனாலதான், ராத்திரி ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவினாலும் அப்படியே ஒட்டிட்டு இருக்கறதும் இதனாலதான். இதுக்கு எண்ணெய்த் தன்மை உள்ள ஏதாவது ஒண்ணுதான் வேணும். டூ-ஃபேஸ் ரிமூவர்னு ரெண்டு அடுக்கா விக்கறாங்கல்ல, மேல எண்ணெய் கீழ தண்ணி, அதோட பொருள் லிஸ்ட்டைத் திருப்பிப் பாத்தீங்கன்னா பல பாட்டில்ல அதே ஐசோடோடெக்கேனோ இல்ல அதோட வகையறாவான ஐசோஹெக்ஸாடெக்கேனோ இருக்கும், அதாவது மஸ்காராவைச் செய்யும்போது எது கரைச்சு வச்சிருந்ததோ அதே மாதிரி பொருளை வச்சே திரும்பவும் இளக்கறாங்க, ரொம்ப நேர்த்தியான யோசனை இது. இந்த வகை வாங்கினா ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கிட்டு உடனே பஞ்சுல ஊத்தணும். குலுக்காம ஊத்தினா மேல இருக்கற எண்ணெய் முதல்ல தீந்துடும், கடைசியில வெறும் தண்ணி அடுக்குதான் பாட்டில்ல மிஞ்சும், அப்புறம் இந்த ரிமூவர் சரியில்லன்னு தோணும்.

நீங்க வாட்டர்ப்ரூஃப் போடறதில்ல, சாதாரண மஸ்காரா, கொஞ்சம் ஐஷேடோ, ஒரு பென்சில் லைனர் அவ்ளோதான்னா மைசெல்லர் வாட்டரே தாராளமா போதும். அதுல இருக்கறது தண்ணி, ரொம்ப மிதமான சர்ஃபக்டன்ட் (எண்ணெய் அழுக்கைத் தண்ணியோட சேர்த்து எடுக்கற பொருள்) கொஞ்சம், ஈரப்பதத்துக்கு கிளிசரின் மாதிரி ஏதாவது. அந்த சர்ஃபக்டன்ட் மூலக்கூறுங்க தண்ணிக்குள்ள குட்டி உருண்டையா கூடி நிக்கும், எண்ணெயைப் பிடிக்கற வால் உள்பக்கமா, தண்ணியோட சேர்ற தலை வெளிப்பக்கமா, அழுக்கும் மேக்கப்பும் அந்த உருண்டைக்குள்ள போய் மாட்டிக்கும். பிரான்ஸோட பயோடெர்மா 1995ல இதைக் கொண்டு வந்துச்சு, இப்ப எல்லா விலையிலயும் எல்லா கம்பெனியும் போடறாங்க, இந்த ஒரு வகையில விலை கம்மியானதுக்கும் அதிகமானதுக்கும் கலைக்கற விஷயத்துல பெரிய வித்தியாசம் நான் பாத்ததில்ல. ஆனா பாட்டில்ல கழுவத் தேவையில்லன்னு போட்டிருக்கறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். எவ்ளோ மிதமா இருந்தாலும் அது சர்ஃபக்டன்ட்தான், ராத்திரி பூரா இமை ஓரத்துல காஞ்சு கிடந்தா சென்சிடிவ் கண்ணு காலையில சொல்லிடும். துடைச்சு முடிச்சதும் ரெண்டு கை வெதுவெதுப்பான தண்ணி, அதுக்கு அரை நிமிஷம் கூட ஆகாது, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

ட்யூபிங் மஸ்காரான்னு ஒரு வகை இருக்கு, முடியைச் சுத்தி பாலிமர் உறை மாதிரி படியும், அதுக்கு ரிமூவரே வாங்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில நல்லா நனைச்சு கொஞ்ச நேரம் விட்டு மெதுவா உருவினா குட்டிக் குட்டிக் குழாயா கழண்டு வரும். முடி உதிருதோன்னு பயப்படாதீங்க, அது மஸ்காராதான். தினமும் மஸ்காரா போடறவங்க, கண்ணும் சென்சிடிவ்னா, ரிமூவரை மாத்தறதை விட மஸ்காராவை இந்த வகைக்கு மாத்தறது செலவையும் குறைக்கும், எரிச்சலையும் குறைக்கும்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். கண்ணுக்கு மட்டும்னு போட்டு சின்ன பாட்டில்ல விக்கறதையும் பக்கத்துலயே இருக்கற பெரிய மைசெல்லர் பாட்டிலையும் ஒரு மில்லிக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாருங்க, அப்புறம் ரெண்டோட பொருள் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது, பெரிய பாட்டில்ல கண்ணுக்கும் பயன்படுத்தலாம்னு போட்டிருந்தா அதையே எடுத்துக்கலாம். ஆனா மில்லிக் கணக்கோட நிறுத்திடக் கூடாது. வாட்டர்ப்ரூஃப்பைக் கலைக்க மைசெல்லரை அஞ்சாறு பஞ்சுல ஊத்தி ஊத்தித் துடைக்கறதை விட டூ-ஃபேஸ் ஒரு பஞ்சுல முடிஞ்சுடும்னா பாட்டில் விலை கூட இருந்தாலும் அதுதான் மலிவு, பஞ்சு செலவும் மிச்சம், இமையும் தப்பிக்கும்.

எல்லாத்தையும் விட மலிவானது வாசனை சேர்க்காத மினரல் ஆயிலும் பெட்ரோலியம் ஜெல்லியும்தான். 1872ல ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கின அதே வாஸ்லின் வகை ஜெல்லி, நல்லா சுத்திகரிச்சதுக்கு அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வம், மெழுகையும் நல்லா இளக்கிடும். கஷ்டம் என்னன்னா அது லேசுல போகாது, கண்ணுக்குள்ள போனா கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலா தெரியும், இமை ஓரத்துல தங்கவும் செய்யும். அதனால அரிசி அளவு எடுத்து மூடின இமையில மட்டும் தடவி, பஞ்சுல ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் மிதமான க்ளென்சர் போட்டுக் கழுவிடணும். பேபி ஆயில்னு விக்கறதும் பெரும்பாலும் மினரல் ஆயில்தான், ஆனா அதுல பல பாட்டில்ல வாசனை சேர்த்திருப்பாங்க, பாத்து வாங்குங்க. இமை முடி எக்ஸ்டென்ஷன் வச்சிருக்கறவங்க இந்த எண்ணெய் வழியையே விட்டுடுங்க, பசை இளகிடும்னு எண்ணெய் இல்லாத ரிமூவர்தான் பொதுவா சொல்லுவாங்க. க்ளென்சிங் பாம், அதாவது கெட்டியா டப்பாவுல வர்ற எண்ணெய் க்ளென்சர் பத்தியும் கேப்பீங்க, கலைக்கறதுல கெட்டிதான், ஆனா தண்ணி பட்டதும் பாலா மாறிக் கழுவப்படற மாதிரி எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணியோட கலக்க வைக்கற பொருள்) சேர்த்ததா பாத்து வாங்குங்க, அது இல்லாததுன்னா ஜெல்லி மாதிரியே ஒட்டிட்டு நிக்கும்.

பேபி ஷாம்பூவைத் தண்ணியில கலந்து கண்ணைத் துடைங்கன்னு ரொம்ப நாளா ஒரு யோசனை ஓடிட்டு இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அது கண்ணுல எரியாத மாதிரி செஞ்சது உண்மை, ஆனா தலை அழுக்கைக் கழுவறதுக்குன்னு செஞ்சது, தினமும் இமையில போடறதுக்கில்ல. இமை அழற்சி இருக்கறவங்களை வச்சு 2018ல வந்த ஒரு ஆய்வுல, இமைக்குன்னே செஞ்ச க்ளென்சர் பேபி ஷாம்பூவை விட நல்ல பலன் கொடுத்துச்சு, ஷாம்பூ பக்கம் கண்ணீர்ப் படலத்துக்கு வேணுங்கற மியூசின்ங்கற வழவழப்பான பொருள் குறைஞ்சதாவும் எழுதியிருந்தாங்க. இன்னொரு மிதமான வழி கைக்கெட்டற விலையிலயே இருக்கும்போது இதுக்குப் போகத் தேவையில்ல.

பாட்டிலோட முன்பக்கத்தை விட பின்பக்கம்தான் முக்கியம். ஹைப்போஅலர்ஜெனிக்னு பெருசா போட்டிருக்கும், ஆனா அந்த வார்த்தைக்கு அமெரிக்காவுல சட்டப்படி ஒரு வரையறையும் இல்லன்னு அங்க மருந்து, காஸ்மெடிக்ஸையெல்லாம் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்டிஏவே வெளிப்படையா சொல்லியிருக்கு, கம்பெனி என்ன அர்த்தத்துல போடுதோ அதுதான் அர்த்தம். கண் மருத்துவர் சோதிச்சதுன்னு போட்டிருந்தாலும் சோதனையில என்ன வந்துச்சுன்னு போட்டிருக்காது. அதனால திருப்பிப் படிங்க. பர்ஃபியூம் அல்லது ஃபிராக்ரன்ஸ்னு இருந்தா நான் அங்கேயே வச்சுடுவேன், லாவண்டர், சிட்ரஸ் மாதிரி எசென்ஷியல் ஆயில் இருந்தாலும் அப்படித்தான், இயற்கையானதுங்கறதால இமைக்கு நல்லதுன்னு ஆயிடாது. மெந்தால் இருந்தா குளுகுளுன்னு இருக்கும், கண்ணு பக்கத்துல அந்தக் குளுமை எரிச்சலோட ஆரம்பம். ஆல்கஹால் டீனாட் (குடிக்க முடியாதபடி மாத்தின ஆல்கஹால்) லிஸ்ட்டோட ஆரம்பத்துலயே இருந்தா வேண்டாம், பொருளெல்லாம் அதிகமா இருக்கறதுலேருந்து கம்மியா இருக்கறதுங்கற வரிசையில போடுவாங்க, ஒரு சதவீதத்துக்குக் கீழ போனதுக்கப்புறம்தான் வரிசை எப்படி வேணா இருக்கலாம்.

அதுலயும் ஒரு பிரிசர்வேட்டிவை (பொருள் கெடாம இருக்கச் சேர்க்கறது) மட்டும் கண்டிப்பா தேடிப் பாருங்க, மெத்தில்ஐசோதையசோலினோன். தோல்ல பட்டதால வர்ற அலர்ஜியை ஆராயற அமெரிக்க கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி 2013ல இதைத்தான் அந்த வருஷத்தோட அலர்ஜி காரணியா அறிவிச்சாங்க, ஐரோப்பிய யூனியன்ல 2017லேருந்து கழுவாம விட்டுடற காஸ்மெடிக்ஸ்ல இதுக்குத் தடை. மேக்கப் வைப்ஸ் வாங்கறவங்க இதை விடாம பாக்கணும், வைப்ஸ்ல துடைச்சுட்டு யாரும் கழுவறதில்ல. டிஎம்டிஎம் ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15 ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா ஃபார்மால்டிஹைடை விடற வகை, அதுவும் வேண்டாம். அதுக்காக பிரிசர்வேட்டிவே இல்லாததைத் தேடிப் போகாதீங்க, தண்ணி இருக்கற எதுலயும் கிருமி வளரும், கண்ணு பக்கத்துல போடற பொருள்ல அது இதைவிட ஆபத்து.

கலைக்கற விதத்துலதான் பாதி வெற்றி இருக்கு. கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு லென்ஸை முதல்ல எடுத்துடுங்க, அப்புறம்தான் ரிமூவர். பஞ்சை நல்லா நனைச்சு மூடின கண்ணு மேல வச்சு இருபது முப்பது செகண்டு சும்மா பிடிங்க, அசைக்காதீங்க, அந்த நேரத்துலதான் மெழுகு இளகும். அப்புறம் முடி வளர்ற திசையிலயே கீழ் நோக்கி ஒரே இழுப்பு, மிச்சம் இருந்தா பஞ்சைத் திருப்பி இன்னொரு தடவ. முடி அடியில இருக்கறதுக்கு மட்டும் காட்டன் பட்ஸை நனைச்சு ஓரமா உருட்டுங்க. பென்சிலை முடிக்கு உள்பக்கம், ஈர ஓரத்துல போடறவங்களுக்கு ஒரு விஷயம், கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல 2015ல வந்த ஆய்வுல, அப்படிப் போட்ட லைனர் வெளிப்பக்கம் போட்டதை விட சீக்கிரமாவும் அதிகமாவும் கண்ணீர்ல கலந்துச்சு. அந்த இடத்துல எந்த ரிமூவரையும் நேரா கொண்டு போக முடியாது, அதனால சென்சிடிவ் கண்ணா இருந்தா உள்பக்கம் போடாம இருக்கறதே நல்லது.

புதுசா எது வாங்கினாலும் முழங்கை மடிப்புல காலையிலயும் ராத்திரியும் ஒரு வாரம் கொஞ்சமா தடவிப் பாத்துட்டு அப்புறம் கண்ணுக்குக் கொண்டு போங்க. எரிச்சல் வந்தா பழகிடும்னு தொடராதீங்க, நிறுத்திட்டு தண்ணியில அலசுங்க. ஆனா கண்ணு வலிச்சாலோ, வெளிச்சம் பாக்க முடியாம கூசினாலோ, மங்கல் போகாம நின்னாலோ அது ரிமூவர் மாத்தி சரியாகற விஷயம் இல்ல, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க.

நான் வச்சிருக்கறது ரெண்டே பாட்டில், தினமும் போடற லேசான மேக்கப்புக்கு வாசனை இல்லாத மைசெல்லர் பெரிய அளவுல, எப்பவாவது வாட்டர்ப்ரூஃப் போட்டா அதுக்கு டூ-ஃபேஸ் சின்னதா. சின்னதை வேணும்னேதான் சின்னதா வாங்கறேன், பாட்டில் பின்னாடி திறந்த டப்பா படத்துக்குள்ள 6ன்னோ 12ன்னோ ஒரு நம்பர் இருக்கும், திறந்ததுக்கப்புறம் அத்தனை மாசம்தான் அது நல்லா இருக்கும், எப்பவாவது பயன்படுத்தற பொருளைப் பெருசா வாங்கினா பாதி அப்படியே தூக்கிப் போட வேண்டி வரும்.