சிரியஸைத் தேடி மேற்கே திரும்பிய தொலைநோக்கி

2025 பிப்ரவரி 5, இரவு 8 மணி, சென்னையில் ஒரு மொட்டைமாடி. சிரியஸ் தென்கிழக்கில் 50 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கிறது. பெயரைக் கொடுத்தால் மோட்டாரால் தானே அந்த விண்மீனுக்குத் திரும்பும் 5 அங்குல கோடூ தொலைநோக்கிக்கு அதே சிரியஸைக் கொடுத்தால், மோட்டார் இரைய எதிர்ப்பக்கம் சுழன்று, மேற்கே தாழ்வாக ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது. மூன்று முறை அலைன்மெண்ட்டை (தெரிந்த விண்மீன்களை நடுவில் வைத்துக் கருவியை வானத்தோடு பொருத்துவதை) முதலிலிருந்து தொடங்கியும் அதே தொட்டிதான்.

அடுத்து நடந்தது வீண் அலைச்சல். ட்ரைபாடோடு 12 கிலோவுக்கு மேல் வரும் கருவியை வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்தவர் ஆன் செய்துகூடப் பார்க்காமல் "மெயின் போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்றார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் யாரும் கீழே உள்ளதைப் பார்த்து முடிக்கும்வரை மவுண்ட்டை (குழாயைத் தாங்கும் மோட்டார் பகுதியை) திறக்க விடாதீர்கள்.

முதல் குற்றவாளி தேதி. ஹேண்ட் கண்ட்ரோலர் (பொத்தான்களும் சிறு திரையும் உள்ள கைக்கருவி) கேட்பது மாதம்/நாள்/ஆண்டு. நம் கைப்பழக்கத்தில் 05/02 என்று தட்டினால் அதற்கு அது மே 2. இடையில் 86 நாள். விண்மீன்கள் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முந்தி உதிப்பதால், மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 85 பாகை பிசகு. மே 2 இரவு 8 மணிக்குச் சிரியஸ் மேற்கே தாழ்ந்துதான் இருக்கும். தொலைநோக்கி தன் கணக்கில் சரியாகத்தான் போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். அலைன்மெண்ட்டுக்குக் கண்ட்ரோலர் நீட்டும் விண்மீன் பட்டியலைப் பாருங்கள். பிப்ரவரி முன்னிரவில் அதில் சிரியஸ், கேப்பெல்லா, ரோகிணி, திருவாதிரை இருக்க வேண்டும். எங்களுக்குச் சுவாதியும் சித்திரையும் வந்தன. அவை அன்று உதிப்பதே இரவு பதினொன்றை ஒட்டித்தான். தரைக்குக் கீழே இருக்கும் விண்மீனைக் கண்ட்ரோலர் பரிந்துரைத்தால் தேதி, நேரம், இடம் மூன்றில் ஒன்று தப்பு. இந்த ஒரு சோதனை முதல் நாளே தெரிந்திருந்தால் கடைக்குப் போன ஆட்டோ செலவு மிச்சம்.

தேதியைத் திருத்தியதும் தொலைநோக்கி சரியான பக்கம் திரும்பியது. ஆனால் அலைன்மெண்ட் முடிக்கும் முன், ஒவ்வொரு விண்மீனுக்கும் மேற்கே ஏழெட்டுப் பாகை தள்ளி நின்றது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் கியரைச் சந்தேகிக்காதீர்கள், கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். இந்த ரகத்தில் நேர மண்டலம் முழு மணிகளை மட்டுமே ஏற்கும். உலகநேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நம் நேரத்துக்கு இடமே இல்லை. மண்டலம் 5 என்று போட்டு, நேரம் 20:00 என்று போட்டால், அரை மணி நேரம் முன்னால் ஓடும் வானத்தை அது காட்டும். வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால் அரை மணிக்கு 7.5 பாகை. வழி இரண்டு: மண்டலம் 5, நேரத்தில் 30 நிமிடம் குறைத்து 19:30, அல்லது மண்டலம் 0, உலகநேரப்படி 14:30. சில ரகங்களில் +05:30 என்று நேராகவே தட்டலாம், அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கோடைகால நேரம் கேட்டால் ‘இல்லை’ என்று கொடுங்கள். ‘ஆம்’ என்றால் இன்னொரு 15 பாகை போய்விடும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நேரம் தப்பாக இருந்தாலும் இரண்டு விண்மீன்களைக் கையால் நடுவுக்குக் கொண்டுவந்து அலைன்மெண்ட் செய்தால், மற்ற விண்மீன்கள் எல்லாம் சரியாக விழும். கண்ட்ரோலர் சரிபார்ப்பது அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை. அது நேரத்தால் மாறாது. அதனால் பிழை ஒளிந்துகொள்ளும். நிலா மட்டும் காட்டிக்கொடுக்கும். மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை நகர்வதால், அரை மணிப் பிழையில் தன் அகலத்தில் பாதி விலகி நிற்கும்.

இடம்: தீர்க்கரேகையில் கிழக்கு என்று இருக்கிறதா பாருங்கள், மேற்கு என்று வைத்தே பெட்டியிலிருந்து வரும். கைப்பேசி வரைபடம் தரும் 80.27 என்பது 80 பாகை 27 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) அல்ல, 80 பாகை 16 கலை. தசமத்தை 60-ஆல் பெருக்குங்கள்.

அடுத்து மின்சாரம். எட்டு ஏஏ பேட்டரி இடம் பார்த்து ரீசார்ஜபிள் போடாதீர்கள். ஒன்று 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்து 9.6 தான். ஒரு மோட்டார் ஓடும்போது தெரியாது. இரண்டும் சேர்ந்து வேகமாகச் சுழலும்போது திரை மங்கும், கண்ட்ரோலர் சத்தமில்லாமல் மறுபடி துவங்கும், செய்த அலைன்மெண்ட் அத்தனையும் போச்சு. ‘நோ ரெஸ்பான்ஸ் 16’ என்று வந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். 16 கிடைமட்ட மோட்டார், 17 செங்குத்து மோட்டார். யுபிஎஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஒரு ஃபியூஸும் நடு முனை பாசிட்டிவாக உள்ள பிளக்கும் போட்டால் போதும். துருவம் மாறினால் போர்டு உண்மையிலேயே போய்விடும், மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பேட்டரி மாற்றியும் எங்களுக்குச் சில நேரம் அணைந்தது. காரணம் சாக்கெட்டின் நடு முள். அது இரண்டாகப் பிளந்த சின்னப் பித்தளைத் துண்டு. செருகிச் செருகி இரு பாதியும் ஒட்டிப்போனதால் பிளக் ஆடியது. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, கைக்கடிகார ஸ்க்ரூடிரைவரின் தட்டை முனையை அந்தப் பிளவில் வைத்து மயிரிழை விரித்தோம். அதன் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை. பிளக்கைச் செருகும்போது இறுக்கம் கையிலேயே தெரிந்தது!

விண்மீன் தேர்விலும் ஏமாற இடமுண்டு. அந்த மாதம் வியாழன் ரோகிணிக்குப் பக்கத்திலும், செவ்வாய் பொலக்ஸ் விண்மீனுக்குப் பக்கத்திலும் நின்றன. ரோகிணி என்று நினைத்து வியாழனை நடுவில் வைத்தால் ஐந்து பாகை பிசகு. 25 மிமீ ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) பாருங்கள்: வட்டத்தட்டும் பக்கத்தில் புள்ளிப்புள்ளியாக நிலாக்களும் தெரிந்தால் அது வியாழன். அன்று ரோகிணி உச்சிக்கு மிக அருகே இருந்தது வேறு. உச்சியில் இருப்பதை எப்போதும் தவிருங்கள், அங்கே கிடைமட்டத் திசை தடுமாறும். வடக்கே கேப்பெல்லா, தென்கிழக்கே சிரியஸ் என்ற ஜோடி அருமையாக உட்கார்ந்தது. பொதுவாக 15 முதல் 60 பாகை உயரத்துக்குள், ஒன்றுக்கொன்று செங்கோணத்துக்குப் பக்கமாக இருக்கும் இரண்டைத் தேடுங்கள்.

ஃபைண்டரை (குழாயின் மேல் உள்ள சிறு குறிபார்க்கும் கருவியை) பகலிலேயே தூரத்துச் செல்போன் கோபுரத்தில் சரிசெய்துவிடுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

கடைசியில் மிஞ்சிய கால் பாகைப் பிழை கியர் பற்களுக்கு இடையிலுள்ள தளர்வினால் வந்தது. விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி நகர்வை மேல், வலது பொத்தான்களால் மட்டும் செய்யுங்கள். தாண்டிவிட்டால் பின்னே போய் மறுபடி அதே திசையில் வாருங்கள். மவுண்ட்டும் தானாகப் போகும்போது அதே பக்கத்திலிருந்துதான் வந்து நிற்கிறது, அதனால் பல்லின் ஒரே முகம் இரண்டு வேளையும் ஒட்டும். 25 மிமீயில் நடுவில் வைத்து, 10 மிமீக்கு மாற்றி இன்னொரு முறை. குழாயைப் பிடிக்கும் திருகும் இறுகியிருக்கட்டும். அலைன்மெண்ட் முடிந்தபின் கையால் தள்ளவே கூடாது.

இதையெல்லாம் முடித்த இரவில் எம்41 கொடுத்தோம். சிரியஸுக்குக் கீழே நான்கு பாகையில் இருக்கும் கொத்து. ஒரு பாகை அகல ஐபீஸின் நடுவிலேயே வந்து உட்கார்ந்தது. எம்42, எம்79 என்ற வான்பொருள்கள் இரண்டும் அப்படியே.

இப்போது ட்ரைபாட் காலில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: மாதம் முதலில். மண்டலம் 5, நேரத்தில் 30 நிமிடம் குறை. 80°16' கிழக்கு, 13°05' வடக்கு. மேல், வலது.