முயல் அறைக்கு ஒரு கடைசித் தேதி

ஊசி மருந்துகளின் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறவர்களுக்கு முயல் என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். மருந்தில் பைரோஜன், அதாவது உடம்புச் சூட்டை ஏற்றிவிடும் மாசு, இருக்கிறதா என்று முயலின் உடம்பில் செலுத்திப் பார்க்கும் சோதனை 1942-லேயே அமெரிக்க பார்மகோபியாவில், அதாவது மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் அதிகாரபூர்வ நூலில், ஏறிவிட்டது. மூன்று முயல்களைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டிகளில் உட்காரவைத்து, காதின் ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் சூட்டைக் குறித்துக்கொண்டே இருப்போம். ஒரு முயலுக்கு 0.6 டிகிரி ஏறினாலும் இன்னும் ஐந்து முயல்கள் வரவேண்டும்.

அந்த அறையில் யாரும் குரலை உயர்த்திப் பேசமாட்டோம். கதவைப் படாரென்று சாத்தினால் போதும், பயத்திலேயே முயலுக்குச் சூடு ஏறும். பிறகு அது மருந்தின் குற்றமா, கதவின் குற்றமா என்று யார் சொல்வது? சோதனை முடிந்ததும் முயலைக் கொல்வதில்லை. ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்துவோம். அதனாலேயே இதைப் பற்றி வெளியே பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாற்று இல்லாமல் இல்லை. லாடநண்டின் ரத்தத்தை வைத்துச் செய்யும் எல்.ஏ.எல். சோதனை 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது எண்டோடாக்ஸினை, அதாவது சில வகை பாக்டீரியாக்களிலிருந்து வரும் நச்சை, மட்டும்தான் பிடிக்கும். மற்ற பைரோஜன்கள் அதன் கண்ணில் படாது. முயலை விட்டு நண்டைப் பிடித்ததை விலங்கில்லாச் சோதனை என்று சொல்லவும் முடியாது. மனித ரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களோடு மருந்தைச் சேர்த்து, அவை வெளியிடும் ஐ.எல்-6 போன்ற புரதத்தை அளக்கும் மேட் சோதனை இரண்டு வகையையும் பிடிக்கிறது. மருந்து போகப்போவது மனித உடம்புக்கு. பதில் சொல்வதும் மனித அணு. 2010-லேயே ஐரோப்பிய பார்மகோபியா இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கிவிட்டது.

அப்படியிருந்தும் எங்கள் முயல் அறை காலியாகவில்லை. மேட் சோதனையை நாங்கள் செய்து பார்த்தபோது முடிவுகள் நன்றாகவே வந்தன. மேலாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. ஒப்புதல் ஆன முறை ஃபைல்ல இருக்கும்போது இதை ஏன் மாத்தினீங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன சொல்றது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மேட் சோதனையை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக வேலிடேட் செய்யவேண்டும், அதாவது சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கவேண்டும், விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் மாற்ற விண்ணப்பம் போடவேண்டும், நடுவில் ஒரு கேள்வி வந்தால் பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி, கிடங்கிலேயே கிடக்கும். பழைய வழியிலேயே போனால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

2022 டிசம்பரில் அமெரிக்கா, புது மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்று 1938 முதல் இருந்த நிலையைச் சட்டத்தால் மாற்றியது. அடுத்த ஆண்டே இந்தியாவும் புது மருந்து விதிகளைத் திருத்தி, உறுப்புச் சில்லு (உறுப்பைப் போல இயங்கும் அணுக்கள் வைத்த சிறு சில்லு), ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் வளர்த்த குட்டி உறுப்பு) போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் பறந்தன. மறுநாள் காலையில் பலகையில் எழுதியிருந்த முயல் அட்டவணையில் ஒரு வரிகூட மாறவில்லை. அவை புது மருந்துக்கான விதிகள், எங்கள் பேட்ச் சோதனையைத் தொடாதவை என்பது ஒரு காரணம். தவிர, அனுமதி கொடுப்பதோடு நிற்கும் விதி யாரையும் நாற்காலியிலிருந்து எழுப்புவதில்லை.

எழுப்பியது ஐரோப்பிய பார்மகோபியாதான். ஐந்தாண்டுக்குள் முயல் சோதனையைக் கைவிடப்போவதாக 2021-இல் அறிவித்தார்கள். 2024 ஜூனில் தங்கள் நூல்களிலிருந்து அதை நீக்கும் முடிவை நிறைவேற்றினார்கள். அதுவரை பணமில்லை என்று சொன்ன பட்ஜெட்டில் மேட் கிட்டுக்கு ஒரு வரி முளைத்தது. பயிற்சிக்கு ஆள் அனுப்பினார்கள். அறிவியல் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை, கெடு மட்டும்தான் வந்தது. அழகுசாதனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் விற்பனைத் தடையை முழுமையாக்கியதும் இதே வழிதான்.

அதனால் 2025 நவம்பரில் பிரிட்டன் வெளியிட்ட திட்டத்தைப் படித்தபோது நான் முதலில் தேடியது தேதிகளை. இருந்தன. நாய்கள், குரங்கினங்கள் மீது நடக்கும் சில வகை மருந்துச் சோதனைகளை 2030-க்குள் குறைந்தது 35 சதவீதம் குறைப்பது என்று இலக்கே வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தேதி போடச் சொல்லவில்லை. கருவின் வளர்ச்சியை ஒரு மருந்து எப்படிப் பாதிக்கும், பல உறுப்புகள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கெல்லாம் இன்றைய உயிரணு வளர்ப்புத் தட்டு முழுப் பதில் சொல்லாது. அங்கே ஆராய்ச்சிக்குப் பணம்தான் கொள்கை. பதில் ஏற்கெனவே கையில் இருக்கும் இடத்தில் இன்னொரு ஆய்வுக் குழு போடுவதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொன்று. முயலின் காது ரத்தக்குழாயைத் தொட்டே கண்டுபிடிக்கும் டெக்னீஷியன் அண்ணன் எங்களிடம் இருக்கிறார். முயல் போனால் அவர் என்ன செய்வார் என்பதை நான் படித்த கொள்கை எதிலும் காணோம். அவரை மேட் சோதனையில் புரதத்தை அளக்கும் எலைசா ரீடர் கருவியில் உட்காரவைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவருக்குத் தயக்கம்தான்.

ஐரோப்பாவுக்குப் போகும் பேட்ச் இப்போது மேட் முடிவோடு போகிறது. அதே மருந்து, அதே கலன், வேறொரு நாட்டுக்கு என்றால் முயல் அறிக்கையும் கேட்கிறார்கள். எனவே இரண்டையும் செய்கிறோம். இந்த மாதக் கூட்டத்திலும் பேச்சு அதுதான்: அடுத்து எந்த நாட்டு ஃபைலை மாற்றக் கொடுப்பது.