காசிமேட்டுக் காற்றில் கத்தியைக் காப்பது

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால், ஜூன் 14 வரை 61 நாட்கள் சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும். அந்த இரண்டு மாதங்களில்தான் என் அம்மாவின் கத்திகள் என் கைக்கு வருகின்றன. நாட்டுப் படகுகள் கொண்டுவரும் சங்கராவுக்கும் மத்திக்கும் அரிவாள்மனையே போதும் என்பதால், வஞ்சிரம், பாறை, சுறா போன்ற பெரிய மீன்களை வெட்டும் மூன்று கத்திகளையும் பழைய புடவைத் துணியில் சுற்றி என்னிடம் தந்துவிடுவார். துறைமுகத்தில் மீன் வாங்குபவர்களுக்கு வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்துக் கூலி வாங்கும் வேலையை அவர் 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறார். நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை செய்பவன். எஃகைக் காய்ச்சுவதும் பதம் போடுவதும் அரைப்பதும் என் அன்றாட வேலை. ஆகவே, எந்தக் கத்தி வாங்கலாம், எப்படித் தீட்டலாம் என்று உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எஃகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குபவர்கள் அநேகம். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அது துருவைத் தாங்கும் எஃகாகும் என்பது உண்மையே. ஆனால், சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும் செய்யப் பயன்படும் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட வகையைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. அந்தத் தகட்டில் வெட்டியெடுத்த கத்தி முதல் நாள் நன்றாக வெட்டும், மூன்றாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கும். கத்திக்கென்றே செய்யப்படும் எவர்சில்வரில் குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும்; கூடவே கடினமாவதற்குத் தேவையான கார்பனும் இருக்கும். கடைக்குப் போகும்போது ஒரு சிறிய காந்தத்தைக் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத கத்தியை வாங்க வேண்டாம். ஒட்டிவிட்டது என்பதால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவுகட்டவும் வேண்டாம், ஏனெனில் காந்தம் ஒட்டும் எவர்சில்வரிலும் கடினமாக்க முடியாத வகை உண்டு.

அம்மாவின் மூன்று கத்திகளும் லாரிப் பட்டையில் அடித்தவை. லாரியின் எடையைத் தாங்கும் அந்த ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். மீன் கத்திக்கு அது மிகவும் பொருத்தமான அளவு, ஏனென்றால் முள்ளில் மோதினாலும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உடைந்துபோகாத அளவுக்கு உறுதியும், கல்லில் பத்து நிமிடத்தில் கூர் ஏறும் அளவுக்கு இணக்கமும் அதில் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆனால் லாரிப் பட்டைக் கத்தி என்று சொல்லி விற்பவற்றில் இரண்டு வகை உண்டு. பட்டறையில் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, வடிவம் வந்தபின் மறுபடியும் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் நனைத்து, பிறகு மிதமான சூட்டில் பதம் போட்டது ஒரு வகை. பட்டையை கேஸ் வெல்டிங்கில் கத்தி வடிவத்துக்கு வெட்டி, அப்படியே அரைத்துப் பிடி மாட்டியது மற்றொரு வகை. இரண்டாவது வகை கத்திக்குரிய கடினத்தைப் பெறாமல், ஸ்பிரிங்குக்குரிய வளையும் தன்மையோடேயே இருந்துவிடுகிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

அதற்கு நான் ஒரு சிறிய அரத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிடிக்கு அருகில் வாயோரத்தில் அரத்தை லேசாக ஓட்டிப் பார்த்தால், பதம் சரியாக இருக்கும் கத்தியில் அது கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கிச் செல்லும். பதம் இல்லாத கத்தியிலோ இரும்பைக் கடித்துப் பொடியாக்கும். அடுத்து, பிடியை இரண்டு விரலால் தொங்கவிட்டு, அலகை நகத்தால் சுண்டிக் கேளுங்கள். கிண்ணென்று நீண்ட ஓசை வந்தால் நல்லது, மந்தமாக அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம் அல்லது பிடி தளர்ந்திருக்கலாம். முதுகை முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கோணல் கத்தியை எத்தனை நாள் தீட்டினாலும் ஒரு பக்கம் மட்டுமே தேயும்.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் வரக் காரணம் ஒரு தவறுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரவுப் பணி தொடர்ந்து இருந்ததால், அம்மாவின் பெரிய கத்தியை மோட்டார் வைத்துச் சாணை பிடிக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். வாயோரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மயில் கழுத்துப்போல ஒரு நீலம் ஓடியிருந்தது. தொழில் தெரிந்த நானே அதைத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் அம்மா வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் திண்ணையில் வைத்துவிட்டு, “இன்னாடா பண்ணே, கத்தி வாய மூடிக்கினு கீது” என்றார். அன்று நான்கு வஞ்சிரத்துக்குமேல் அது வெட்டவில்லை. நடுமுள்ளை வெட்டிய இடங்களில் வாய் மடிந்துபோயிருந்தது.

சூடேறும் எஃகின் மேல் தோன்றும் நிறம் அது எட்டிய வெப்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும், 280 டிகிரியை ஒட்டி ஊதாவும், 300 டிகிரியில் நீலமும் தெரியும். கத்தியின் உடல் கனமாக இருப்பதால் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் காகிதம்போல மெலிந்த வாய் அதற்குள் அந்த வெப்பத்தைக் கடந்திருக்கும். அப்படி இளகிய எஃகை மறுபடியும் உலையில் ஏற்றாமல் பழைய கடினத்துக்குக் கொண்டுவர வழியில்லை. நான் கையாலேயே கல்லில் தேய்த்து, நீலம் ஓடிய பகுதி முழுவதும் போகும்வரை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் எஃகை எடுத்தேன். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த 3 மில்லிமீட்டர், முறையாகத் தீட்டியிருந்தால் அம்மாவுக்குப் பல ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய எஃகு. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. மோட்டார் சாணை பிடிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, அருகில் தண்ணீர் வைத்து நொடிக்கொரு முறை நனைத்துப் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டப்பா இல்லாத இடத்தில் கத்தியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தீட்டுவதற்குக் கல் ஒன்று போதும். அம்மா முன்பெல்லாம் வாசற்படியின் கருங்கல்லில்தான் தீட்டுவார். அந்தப் படி நடுவில் குழிந்திருப்பதை இன்றும் காணலாம். கருங்கல் கரடுமுரடானது, அதன் மணிகள் ஒரே அளவில் இல்லாததால் வாயில் ரம்பம்போன்ற பற்களை உண்டாக்கும். கடையில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல் அதைவிடப் பல மடங்கு மேல். 1890-களில் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சசன் செயற்கையாக உருவாக்கிய சிலிக்கன் கார்பைடுதான் அந்தக் கல்லின் உயிர். இயற்கையில் கிடைப்பவற்றில் வைரத்தைத் தவிர வேறு எதுவும் அதைச் சுலபமாகக் கீற முடியாது. 1954-ல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் ஆலை எங்கள் திருவொற்றியூரிலேயே இருப்பதால், சாணைக்கல் எங்களுக்கு ஊர்ப்பொருள் மாதிரி. சொரசொரப்பான பக்கம் மழுங்கிய வாயைச் சீர்செய்ய, வழவழப்பான பக்கம் கூர் ஏற்ற. வசதி இருந்தால் ஆயிரம் எண் (மணிகளின் நுண்மையைக் குறிக்கும் எண்) கொண்ட கல் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு கல்லில் தண்ணீர் விட்டால் கடைசிவரை தண்ணீர், எண்ணெய் விட்டால் கடைசிவரை எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் நிற்காது.

பலர் தவறுவது கோணத்தில். அன்றாடக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி போதுமானது. அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். அலகு 4 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பென்சில்களின் உயரம். அந்த உயரத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை நகர்த்தித் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வரும்போது, எதிர்ப்பக்க வாயோரத்தில் பெருவிரலை வாய்க்குக் குறுக்காக, உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்ல இழுத்தால் நூலிழைபோல ஒரு பிசிறு தட்டுப்படும். பிடிமுனையிலிருந்து நுனிவரை அந்தப் பிசிறு ஒரே சீராக வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பிசிறு வராமலேயே நூறு முறை தேய்த்தாலும் கூர் ஏறாது. பிறகு மறுபக்கம் அதேபோலத் தேய்த்து, கடைசியில் மிக லேசான அழுத்தத்தில் பக்கம் மாற்றி மாற்றி நான்கைந்து முறை ஓட்டி, பழைய தோல் பெல்ட்டில் வாய் பின்னோக்கி இருக்கும்படி இழுத்துவிட்டால் பிசிறு உதிர்ந்துவிடும். பிசிறை உதிர்க்காமல் விட்ட கத்தி முதல் மீனில் அபாரமாக வெட்டி, இரண்டாவது மீனில் மழுங்கிவிடும். அம்மாவோ காகிதத்தை வெட்டியெல்லாம் பார்க்க மாட்டார். சங்கராவின் வயிற்றுத் தோலில் கத்தியை அழுத்தாமல் வைப்பார், அதன் எடைக்கே தோல் விட்டுக்கொடுத்தால் சரி என்பார்.

கறிக்கடைகளில் இரும்புக் கம்பியில் சரக் சரக்கென்று தீட்டுவது வேறு வேலை. அது எஃகைத் தேய்ப்பதில்லை, வெட்டும்போது ஒருபுறமாக மடிந்த வாயை நிமிர்த்துகிறது, அவ்வளவுதான். பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு இல்லாத வளையம் ஒன்று இருக்கும். கம்பி இல்லாத வீட்டில் அதுவே போதும்.

கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது வெட்டும் கையைப் பொறுத்தது. அம்மாவின் வெட்டுக்கட்டை புளியமரத்து அடிமரம். நெருக்கமான அந்த மரம் சிராய் விடாது, வாயையும் நோகடிக்காது. கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் வெட்டுவது கத்தியைக் கல்லில் குத்துவதற்குச் சமம். செதிலைச் சுரண்டுவதற்கும், வெட்டிய துண்டுகளைப் பையில் தள்ளுவதற்கும் அவர் கத்தியைத் திருப்பி முதுகைத்தான் பயன்படுத்துவார், ஏனென்றால் வாயைப் பக்கவாட்டில் இழுத்தால் அது மடிந்துவிடும். நடுமுள்ளையும் எலும்பின் மேல் ஓங்கி வெட்டமாட்டார். இரண்டு கணுக்களுக்கு இடையில் வாயை வைத்து, இடது உள்ளங்கையால் முதுகை அழுத்தினால் அது தானாக விலகிக்கொடுக்கும்.

துருதான் எங்களைப்போன்ற கடலோரத்துக்காரர்களின் தீராத தொல்லை. உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் மீனின் ஈரமும் சேர்ந்தால், கார்பன் எஃகுக் கத்தியில் ஒரு இரவிலேயே செந்துரு படியும். வெங்காயமும் மீனும் வெட்டி வெட்டி அலகில் படியும் கருநீலச் சாம்பல் நிறத்தைத் துரு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். நெருக்கமாகப் படியும் அந்தப் படலம் செந்துருவைத் தள்ளிவைக்கிறது. சிவப்பாக, பொரிந்து வருவதை மட்டும் புளியைக் கரைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்கு ஏறும். எவர்சில்வர் கத்தி வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மார்க்கெட்டில் தரையைக் கழுவும் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் அதை ஊறவிட்டால், மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் விழும். அந்தக் குழிகள் உள்ளுக்குள் ஆழமாகப் போகும். ஆயுத பூஜை அன்று வைக்கும் ஈரச் சந்தனம் மறுநாள் காலை துடைத்தால் வட்டமாகத் துருத்தடம் விட்டுப் போவதை நான் பலமுறை பார்த்ததனால், இப்போது எண்ணெய் தடவிய பிறகே சந்தனம் வைக்கிறோம்.

கத்தியை எடுத்துச் செல்வது பற்றியும் ஒரு வார்த்தை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் எங்கள் பகுதியில் கையில் கத்தியோடு பஸ் ஏறுபவரைப் பார்க்கும் பார்வையே வேறு. அட்டையில் செருகி, துணியில் சுற்றி, நூலால் கட்டி, வாங்கிய ரசீதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு தடைக்காலத்தில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 5 சென்டிமீட்டர் அகலமாக வந்த அந்தப் பெரிய கத்தி, தீட்டித் தீட்டி இன்று மூன்றரைக்கு வந்துவிட்டது. அலகு இன்னும் திடமாகத்தான் இருக்கிறது, ஆனால் மரப்பிடி தண்ணீர் குடித்து உப்பி, பித்தளைப் பூணை ஒரு பக்கமாகப் பிளந்துவிட்டது. கருவேல மரத்துண்டு ஒன்றை மாடியில் நிழலில் காயவைத்திருக்கிறேன். பழைய பிடியில் அம்மாவின் நான்கு விரல்களும் பதிந்து பள்ளமாகிய இடங்களை அளந்து, அதே அளவில் புதியதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஜூன் 14-க்குள் மாட்டிக் கொடுத்துவிட வேண்டும்.