மணிக்கட்டுக்கு வந்து சேராத துடிப்புகள்

11.06.2024

மூன்றாவது தலையணையும் வந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் ஒன்று, சித்திரையில் இரண்டு, இப்போது மூன்று. அம்மா புழுக்கத்தின் மேல் பழியைப் போடுகிறாள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொந்த வீட்டில் எண்ணிப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. படுத்தவுடன், கால்களில் நின்ற இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குத் திரும்புகிறது. வலப்பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடுகிறது. இடப்பக்கம் அதை வாங்கிக்கொண்டால் தூங்கலாம், வாங்க முடியாவிட்டால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியதுதான். அம்மா இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

12.06.2024

அம்மா கொலுசைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், இந்த வயதில் கால் வளர்ந்துவிட்டது என்கிறாள்.

14.06.2024, இரவு

இன்று தம்பியை உதவிக்கு உட்கார வைத்தேன். இதை இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒருவர் இதய முனையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ண, மற்றவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டில் நாடியை எண்ண வேண்டும். கட்டைவிரலை வைக்காதே, அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு, உன் நாடியையே அம்மாவின் நாடி என்று எண்ணிவிடுவாய் என்று அவனுக்குச் சொன்னேன். நான் இடப்பக்கத்தில் ஐந்தாவது விலா இடைவெளியை விரலால் தடவித் தேடி, காறையெலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கி, அங்கே வைத்தேன். சுவர்க்கடிகாரத்தின் வினாடி முள் 12-ஐத் தொட்டதும் தொடங்கினோம்.

எனக்கு 118. அவனுக்கு 94.

தவறு செய்துவிட்டோம் என்று அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் எண்ணினோம். எனக்கு 121, அவனுக்கு 95. அவன் தவறு செய்யவில்லை என்று அவனிடம் சொன்னேன். சரியாக எண்ணியதுதான் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

நிமிடத்துக்கு 24 அல்லது 26 முறை அம்மாவின் இதயம் சுருங்கியிருக்கிறது, ஒலி எழுப்பியிருக்கிறது, ஆனால் ஒரு முழம் தள்ளியிருக்கும் மணிக்கட்டுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. 'லப்' என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இரண்டு வால்வுகளும் மூடும் ஒலி. 'டப்' என்பது பெருந்தமனியின் வால்வும் நுரையீரல் தமனியின் வால்வும் மூடும் ஒலி. வால்வு மூடினால் ஒலி கேட்கும், உள்ளே இரத்தம் போதுமான அளவு இருந்ததா என்பது வேறு கதை. அம்மாவின் 'லப்' கதவைத் தட்டுவதுபோல் அத்தனை உரக்கக் கேட்கிறது.

காலையில் முதல் பேருந்தில் போகிறோம்.

15.06.2024

வார்டில் சேர்த்துவிட்டார்கள். இ.சி.ஜி. தாளை எனக்குக் காட்டினார்கள். மேலறைகளில் கட்டளை பரவுவதைக் காட்டும் 'பி' அலையே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கை நடுங்கியவர் போட்ட கோடுபோல ஒன்று ஓடுகிறது, உயர்ந்த முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. வலமேலறையிலுள்ள எஸ்.ஏ. கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை கட்டளையிடும், மேலறைகள் சுருங்கும், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணு அந்தக் கட்டளையைப் பத்தில் ஒரு வினாடி நிறுத்தி வைத்துக் கீழறைக்கு அனுப்பும் என்று படித்திருக்கிறேன். அம்மாவின் மேலறைகளில் அந்தக் கட்டளையே எழவில்லை. அங்கங்கே தசை நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட முறை துடித்துக்கொண்டிருக்க, ஏ.வி. கணு அதில் வாய்த்ததை மட்டும் கீழே விடுகிறது. பத்தில் ஒரு வினாடித் தாமதம் எதற்கு என்று வகுப்பில் நான் கேட்டதில்லை. மேலறை தன்னிடம் மிஞ்சியதைக் கீழறைக்குள் தள்ளி முடிக்கும் வரை கீழறை பொறுத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது.

சிஸ்டர் என்னிடம், கையால் பி.பி. பார்த்தால் மூன்று முறை பார்த்துச் சராசரி எழுது, இந்த நாடிக்கு மெஷின் சொல்வதை நம்பாதே என்றார். 104, 112, 98.

16.06.2024, இரவு 1.20

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதயத்தை மெதுவாக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்: மெட்டோப்ரொலால், அதனுடன் வாரத்தில் 5 நாள் மட்டும் டிகாக்சின். பக்கத்துப் படுக்கைப் பாட்டி, பலவீனமான நெஞ்சை இன்னும் மெதுவாக ஓடச்சொல்வது என்ன வைத்தியம் என்று அம்மாவிடம் கேட்டார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. பிறகு கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தை ஒத்த ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி. அதில் சுருங்குவதற்கு 0.3, விரிந்து நிரம்புவதற்கு 0.5. ஒரு நிமிடத்தில் மொத்தம் 37 வினாடிக்குச் சற்று மேல் இதயம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. துடிப்பு 120 ஆனால் ஒரு சுற்றுக்கே 0.5 வினாடிதான். சுருங்கும் நேரம் அதிகமாகக் குறைவதில்லை, ஏறக்குறைய 0.25-இல் நின்றுகொள்கிறது, வெட்டு பெரும்பாலும் நிரம்பும் நேரத்தின் மேல் விழுகிறது. நிமிடத்துக்கு 30 வினாடிதான் மிஞ்சும். வால்வு நன்றாகத் திறப்பவருக்கு இந்த 7 வினாடி ஒரு பொருட்டல்ல, மாடிப்படி ஏறும் எல்லோருக்கும் அது நேர்வதுதான். வால்வின் வாசல் குறுகியவருக்கு ஒவ்வொரு வினாடியும் வேண்டும்.

இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் கரோனரித் தமனிகளும் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் நிரம்புகின்றன. இடக்கீழறை இறுகிப் பிழியும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நெரித்துவிடுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கும் உறுப்பு என்று படித்த நாளிலிருந்து நான் அதன் வேலையை மட்டுமே வியந்துகொண்டிருந்தேன். அது சாப்பிடும் நேரத்தை யாரும் கேள்வியில் கேட்பதில்லை.

24 துடிப்புகள் எங்கே போயின என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. தாளம் தப்பிய இதயத்தில் சில துடிப்புகள் முந்தைய துடிப்பின் காலடியிலேயே வந்துவிடுகின்றன. நிரம்ப நேரமின்றிச் சுருங்கும் அந்தக் கீழறை, பெருந்தமனியின் வால்வைத் திறக்கும் அளவுக்குக்கூட அழுத்தம் காட்டாமலோ, மணிக்கட்டில் தெரியும் அளவுக்கு அலை எழுப்பாமலோ முடிந்துவிடுகிறது. முழு உழைப்பு, வெறுங்கை.

டிகாக்சின் கொடுக்கும் முன் இதய முனையில் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், 60-க்குக் கீழ் இருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இவளிடம் செல்லாது.

17.06.2024

உப்பில்லாத ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

19.06.2024

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பார்த்தார்கள். இடமேலறைக்கும் இடக்கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் திறப்பின் பரப்பு 0.9 சதுர செ.மீ. இயல்பாக 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். திரையில் அதை நானே பார்த்தேன். பாடநூல் மீன்வாய் என்கிறது. சந்தையில் பலகைமேல் கிடக்கும் மீன் கடைசியாகத் திறக்கும் அந்தச் சிறு திறப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. இன்றைக்கு எழுத வேண்டிய உவமை இது அல்ல, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஊரிலிருந்து அம்மாச்சி வந்திருக்கிறார். சின்ன வயதில் அம்மாவுக்கு முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் அடித்ததா என்று மருத்துவர் கேட்டபோது, வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று எண்ணெய் தேய்த்து விட்டதாகச் சொன்னார். அதற்கு முன் தொண்டை வலி வந்ததா என்பது அவருக்கு நினைவில்லை, யாருக்குத்தான் நினைவிருக்கும்? தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்து உடல் செய்யும் ஆயுதம், இரண்டு மூன்று வாரம் கழித்து, சொந்த மூட்டையும் சொந்த வால்வையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்பது மருத்துவர்களின் பழைய பேச்சு. கடிவாய் ஆறி ஆறித் தழும்பேறி இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில்தான் அம்மா எங்கள் இருவரையும் பெற்றாள். என்னைச் சுமந்தபோது மூச்சு வாங்கியதைக் கர்ப்பத்தின் களைப்பு என்று எல்லோரும் சொன்னார்களாம்.

உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அம்மாச்சி திரும்பத் திரும்பச் சொல்கிறார். குறுகிய வாசலின் வழியாகப் போகும் இரத்தத்தின் ஓட்டம் இரண்டு மடங்கானால், அதைத் தள்ளத் தேவையான அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகிறது. குடம் தூக்கினால், பேருந்தைப் பிடிக்க ஓடினால், அந்த நான்கு மடங்கும் இடமேலறையிலிருந்து பின்னோக்கி நுரையீரல் சிரைகளில் ஏறுகிறது. அதை அம்மாச்சிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கல்யாண மண்டபத்தில் ஒரே கதவைத் திறந்துவைத்தால் பந்திக்கு எப்படி நெருக்குவார்கள் என்று கேட்டேன். உடனே புரிந்துகொண்டார். பிறகு அழுதார்.

20.06.2024

கல்லூரிக்குப் போய் இன்டர்னல் எழுதிவிட்டு வந்தேன். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் யார் என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள்: வில்லியம் ஹார்வி, 1628. அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம், ஆகவே அது திரும்பி வந்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காண முடியவில்லை; அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், மால்பீகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். கேட்காத இதையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்ன கேள்வியில் மைட்ரல் வால்வைத் திறந்த நிலையில், மிக அகலமாக வரைந்திருக்கிறேன்.

மாலையில் கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி நின்றது. கொலுசு இருந்த இடத்தில் மணி மணியாகத் தடம் இன்னும் மறையவில்லை. தந்துகியின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, முடிவில் இரத்தப் புரதங்கள் அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சிரைப் பக்கம் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறிவிட்டால், வெளியே போன நீருக்குத் திரும்ப வழியில்லை. இடப்பக்கத்து நெருக்கடி நுரையீரலைத் தாண்டி வலப்பக்கத்துக்கும் வந்துவிட்டது என்பதைக் கொலுசு எனக்கு முன்பே சொல்லியிருக்கிறது.

இன்றைய கணக்கு: உள்ளே போன நீர் 1,100 மி.லி., வெளியே வந்தது 2,300 மி.லி. எடை 1.2 கிலோ குறைவு. நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் வேலை செய்கிறது.

22.06.2024

உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்ததில் இடமேலறையின் செவிப்பையில் இரத்தக்கட்டி தெரிகிறது. சுருங்காத அறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறைந்திருக்கிறது. இந்த நிலையில் வால்வை விரிக்கப் பலூன் வைக்க முடியாது, கம்பி பட்டு அது கிளம்பினால் மூளைக்குப் போய்விடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பாரின் கொடுத்து, கட்டி கரையும் வரை காத்திருக்க வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்டேன். வாரங்கள் என்றார்கள்.

09.07.2024

இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.6. 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை வார்பாரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் சேர்த்துச் சாப்பிட்டு மறு வாரம் விட்டுவிடாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை முருங்கைக்கீரை கொடுத்துவிட்டிருக்கிறார், இரத்தம் ஊறுமாம். தொண்டைக் கிருமி மறுபடி வராமலிருக்கப் பென்சிலின் ஊசி இன்று, 12 லட்சம் யூனிட். அடுத்தது 21 நாள் கழித்து. ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தவள், முப்பது வருஷத்துக்கு முன் உன் அம்மாச்சி இதைப் போட்டிருக்கலாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

02.08.2024

இரண்டு தலையணை.

18.08.2024

தம்பி தானாகவே கடிகாரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டான். எனக்கு 76, அவனுக்கு 73. தாளம் இன்னும் தப்பித்தான் இருக்கிறது, ஆனால் நடுவிலுள்ள மௌனங்கள் நீண்டிருக்கின்றன. அந்த மௌனத்துக்குள், இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து ஸ்டெதாஸ்கோப்பின் மணிப்பக்கத்தை லேசாக வைத்துக் கேட்டபோது, தூரத்து லாரிபோல் அடித்தொண்டையில் உருளும், குறுகிய வால்வின் வழியாக இரத்தம் நெருக்கிப் போகும் அந்த ஒலியை முதன்முறையாகச் சந்தேகமில்லாமல் கேட்டேன். தம்பியையும் கேட்கச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றான்.

27.08.2024

நாளை காலை மறுபடியும் எக்கோ. கட்டி கரைந்திருந்தால் நாளை மறுநாள் பலூன். தொடைச் சிரை வழியாக ஏறி, இரத்தம் போகும் திசையிலேயே வலமேலறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைத்து இடமேலறைக்குள் நுழைவார்கள். துளைக்கும் இடம் அந்தச் சுவரின் மிக மெல்லிய பகுதி. கருவில் இருந்தபோது நம் எல்லோருக்கும் அங்கே ஒரு வழி திறந்திருந்தது, பிறந்தபின் மூடிக்கொண்டது. இந்த முறையை 1984-இல் வெளியிட்டவர் ஜப்பானின் இனோவே. மயக்க மருந்து பெரிதாகத் தேவையில்லை, அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

பையில் வைத்தவை: காப்பீட்டு அட்டை, பழைய எக்கோ தாள்கள், ஐ.என்.ஆர். நோட்டு, பருத்திச் சேலை இரண்டு. அரிசி டப்பாவிலிருந்த கொலுசையும் அம்மா எடுத்து வைக்கச் சொன்னாள். மருத்துவமனையில் எதையும் போட விடமாட்டார்கள் என்றேன், திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள என்றாள். காலை எடை 51.4. இரவு 9 மணிக்கு முனையில் 74, மணிக்கட்டில்